எல்லாச் சந்திர கிரகணமும் ஒரே சிவப்பு இல்லை: அதில் சூரியனுக்குப் பங்கு உண்டா?

முழுச் சந்திர கிரகணம் பற்றிய எந்தச் செய்தியிலும் ‘நிலா செம்பு நிறத்துக்கு மாறும்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான கிரகணங்களுக்கு அது சரிதான். ஆனால் 1992 டிசம்பர் 9 கிரகணத்தைப் பார்த்தவர்களுக்குச் செம்பும் கிடைக்கவில்லை, சிவப்பும் கிடைக்கவில்லை. நிலா கருஞ்சாம்பலாகிக் கிட்டத்தட்டக் காணாமலே போனது. 1963 டிசம்பர் 30 கிரகணம் அதையும் மிஞ்சியது. வானத்திலேயே மிகப் பிரகாசமான இரவுப்பொருள், மங்கலான ஒரு நட்சத்திரத்தின் அளவுக்கு இறங்கிவிட்டது. 1816 ஜூனில் லண்டனில் பார்த்தவர்கள், மேகமில்லாத வானத்தில் நிலா இருந்த இடமே தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே நிலா, அதே சூரியன், அதே பூமி. பிறகு ஏன் ஒரு தடவை செம்பாகவும் இன்னொரு தடவை கரியாகவும் தெரிகிறது? பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ழோன் 1920-இல் இதற்கு ஒரு பதில் சொன்னார்: கிரகணத்தின் வெளிச்சம், சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சியைப் பின்பற்றுகிறது என்றார். நூறாண்டு கழிந்தும் அந்தப் பதிலைச் சுற்றிய பேச்சு அடங்கவில்லை. என் கணிப்பில் அவர் கண்ட ஒழுங்குக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு ஆள் இருக்கிறார். அந்த ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நிழலுக்குள் வெளிச்சம் வரும் வழி

கிரகணத்தின்போது சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் பூமி வந்து நிற்கிறது. பூமியின் கருநிழல் கூம்பு வடிவில் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் வரை நீள்கிறது. நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில். அந்தத் தொலைவில் கருநிழலின் அகலம் சுமார் 9,000 கிலோமீட்டர், அதாவது நிலாவின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே நிலா அதற்குள் தாராளமாக முழுகிவிடும்.

பூமிக்குக் காற்றே இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒவ்வொரு முழுக் கிரகணத்திலும் நிலா காணாமல் போயிருக்கும். காற்று இருப்பதால்தான் சிக்கலும் அழகும் சேர்ந்து வருகின்றன. பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும் சூரிய ஒளியைக் காற்று உள்பக்கமாக வளைத்துவிடுகிறது. தரையை ஒட்டிப் போகும் கதிர், உள்ளே நுழையும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை என்று மொத்தம் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக வளையும். நிழலின் நடுப்பகுதி வரை ஒளி போய்ச் சேர அது போதும். இந்த வளைவுதான் சிவந்த நிலாவுக்குக் காரணம் என்பதை கெப்ளர் 1604-லேயே சொல்லிவிட்டார்.

நிறத்துக்குக் காரணம் ஒளிச்சிதறல். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. அவ்வளவு நீண்ட காற்றைத் தாண்டி மறுபக்கம் வந்து சேருவது பெரும்பாலும் சிவப்புதான். நிழலின் ஓரத்தில் மட்டும் சில சமயம் மெல்லிய நீலநிற விளிம்பு ஒன்று தெரியும். அந்த ஓரத்துக்கு வரும் ஒளி உயரத்தில் உள்ள ஓசோன் படலத்தைக் கடந்து வருகிறது. ஓசோன் ஆரஞ்சையும் சிவப்பையும் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. அடுத்த தடவை பைனாகுலரில் பார்த்தால், கிரகணம் முழுமையாகும் தறுவாயிலும் முழுமை முடிந்த உடனேயும் இந்த விளிம்பைத் தேடிப் பாருங்கள்.

ஆக, கிரகண நிலாவின் மேல் விழுவது முழுக்க முழுக்க பூமியின் காற்று வடிகட்டி அனுப்பிய ஒளி. அந்த ஒளி கடந்து வரும் காற்று பெரும்பாலும் கீழ்மட்டத்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் காற்று. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வடிகட்டும் வேலை எவ்வளவு கடுமையானது என்றால், சாதாரணக் கிரகணத்திலேயே நிலாவின் வெளிச்சம் பௌர்ணமியைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். இருண்ட கிரகணத்தில் பத்து லட்சம் மடங்கு வரை குறையும், சில சமயம் அதற்கும் கீழே போகும். ஒரு கிரகணத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நூறு மடங்கு வித்தியாசம் வரலாம் என்பதுதான் இதில் வியப்பு. சூரியனின் மொத்த வெளிச்சம் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் மாறுவது வெறும் 0.1 சதவீதம். ஆகவே ‘சூரியன் கொஞ்சம் மங்கியது, அதனால் நிலாவும் மங்கியது’ என்ற எளிய விளக்கம் எடுத்த எடுப்பிலேயே அடிபட்டுப் போகிறது.

தான்ழோன் சொன்னது

வெளிச்சத்தை ஒப்பிட முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். கருவி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்றை தான்ழோன் உருவாக்கினார். நிலா கிட்டத்தட்டத் தெரியவே இல்லை என்றால் 0. சாம்பலோ பழுப்போ கலந்த இருட்டு, நிலாவின் அடையாளங்கள் சிரமப்பட்டால்தான் தெரியும் என்றால் 1. துருப்பிடித்த இரும்பு போன்ற ஆழ்ந்த சிவப்பு, நடுவில் மட்டும் நல்ல இருட்டு என்றால் 2. செங்கல் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் பூச்சு என்றால் 3. பளிச்சென்ற செம்பு அல்லது ஆரஞ்சு, ஓரத்தில் நீலச்சாயல் என்றால் 4. இன்றும் உலகெங்கும் வான்நோக்கர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். இரண்டே கால், இரண்டரை என்று பின்னமாகப் போடுபவர்களும் உண்டு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பழைய குறிப்புகளைத் தோண்டினார். முந்தைய நூற்றாண்டுகளில் யார் யார் கிரகணத்தை எப்படி வருணித்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, சூரியச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் அது நடந்தது என்று வரிசைப்படுத்தினார்.

சூரியச் சுழற்சி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள் சில ஆண்டுகள் பெருகி, பிறகு குறைந்து, ஏறக்குறைய இல்லாமலே போய், மறுபடி பெருகும். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 11 ஆண்டு. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் ஊரைச் சேர்ந்த ஷ்வாபே 1843-இல் இதை முதலில் கண்டுசொன்னார். புள்ளிகள் மிகக் குறைவாக இருக்கும் காலம் தாழ்நிலை, மிக அதிகமாக இருப்பது உச்சநிலை. அண்மைய தாழ்நிலை 2019 டிசம்பரிலும், உச்சநிலை 2024-லும் வந்தன.

இதில் தான்ழோன் கண்டது விசித்திரமான ஒரு வடிவம். தாழ்நிலைக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கிரகணங்கள் சாம்பலும் இருட்டுமாக இருக்கின்றன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு பழுப்பு, சிவப்பு, செம்பு என்று படிப்படியாக வெளிச்சம் ஏறுகிறது. உச்சநிலை வந்து போனாலும் ஏற்றம் நிற்பதில்லை. அடுத்த தாழ்நிலை வரை ஏறிக்கொண்டே போய், அங்கே சட்டென்று மீண்டும் இருட்டில் விழுகிறது. ரம்பப் பல் மாதிரியான வரைபடம்: மெல்ல ஏறி, செங்குத்தாக இறங்குவது.

இந்த வடிவத்தைப் பார்க்கும்போதே எனக்கு ஒரு நெருடல். கரும்புள்ளிகளின் எண்ணிக்கை மலை போல ஏறி இறங்கும், ரம்பம் போல அல்ல. தாழ்நிலைக்கு ஆறு மாதம் முன்னாலும் ஆறு மாதம் பின்னாலும் சூரியன் ஒரே மாதிரி அமைதியாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பு நிலா, மறுபக்கம் சாம்பல் நிலா என்றால், அந்த இடைவெளியில் சூரியனில் ஏதோ ஒன்று சட்டென மாறியிருக்க வேண்டும். அப்படி மாறுவது ஒன்றே ஒன்று உண்டு: புள்ளிகள் தோன்றும் இடம். சுழற்சியின் கடைசியில் புள்ளிகள் சூரியனின் நடுக்கோட்டை ஒட்டித் தோன்றும், புதுச் சுழற்சியின் முதல் புள்ளிகளோ 30 பாகைக்கு மேல் விலகித் தோன்றும். ஆனால் எங்கோ சூரியனில் புள்ளி இடம் மாறியதற்கு இங்கே நிலா ஏன் மங்க வேண்டும்?

சூரியன் இதை எப்படிச் செய்ய முடியும்?

சூரியன்தான் காரணம் என்றால் இரண்டே வழிதான். ஒன்று, பூமியின் காற்றை அது மாற்ற வேண்டும். அல்லது நிலாவையே ஒளிர வைக்க வேண்டும்.

முதல் வழி எளிதில் நின்றுவிடுகிறது. சூரியனின் ஆட்டம் பாட்டமெல்லாம் 100 கிலோமீட்டருக்கு மேலே உள்ள மெல்லிய காற்றைத்தான் பெரிய அளவில் பாதிக்கிறது. அங்கே வெப்பநிலை நூற்றுக்கணக்கான பாகை ஏறி இறங்கும். துருவ ஒளியும் அந்த உயரத்தில்தான். கிரகண ஒளி வருவதோ கீழ்மட்டத்து 25 கிலோமீட்டரில். அங்கே சூரியச் சுழற்சியின் கை எட்டும் ஒரே முக்கியமான பொருள் ஓசோன். அதன் அளவும் சில சதவீதமே மாறுகிறது. நூறு மடங்கு வித்தியாசத்தை அது விளக்காது.

இரண்டாவது வழி சுவாரசியமானது. சூரியக் காற்று என்று மின்னூட்டம் பெற்ற துகள்களின் ஓட்டம் ஒன்று எப்போதும் சூரியனிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அது நிலாவின் பாறைகளில் மோதி அவற்றை மினுங்க வைக்கலாமே? 1950-களிலும் 60-களிலும் இந்த எண்ணம் நல்ல செல்வாக்கோடு இருந்தது. கிரகண வெளிச்சத்தைப் பூமியின் காந்தப்புலம் கலங்கும் அளவோடு ஒப்பிட்டு, தொடர்பு இருக்கிறது என்று 1966-இல் ஓர் ஆய்வும் வந்தது. சூரியக் காற்றின் வேகமான வீச்சுகள் சுழற்சியின் இறங்குமுகத்தில்தான் அதிகம். ஏறிக்கொண்டே போகும் தான்ழோனின் வரைபடத்தோடு அது ஓரளவு பொருந்தவும் செய்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது பைத்தியக்கார யோசனை இல்லை என்பது புரியும். நிலாவின் மேல் சாதாரணமாக விழும் சூரிய ஒளி, சதுர மீட்டருக்கு 1,361 வாட். இருண்ட கிரகணத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்காகும்போது, ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். சூரியக் காற்று கொண்டுவரும் ஆற்றலோ சாதாரண நாளில் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவு. அதாவது நான்கில் ஒரு பங்கு. அத்தனையும் ஒளியாக மாறினால் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும்.

ஆனால் அத்தனையும் மாறாது. அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த நிலாப் பாறைகளைச் சோதனைக்கூடத்தில் துகள்களால் தாக்கிப் பார்த்தபோது, மினுங்கும் திறன் மிகமிகக் குறைவு என்று தெரிந்தது. இன்னொரு தடை இதைவிடப் பெரிது. பூமியின் காந்தப்புலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் நீண்ட வாலாக இழுபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமியையும் ஒட்டி நிலா அந்த வாலுக்குள் புகுந்து சில நாட்கள் கழித்துத்தான் வெளியே வரும். கிரகணம் நடப்பது அந்த வாலின் நட்ட நடுவில். சூரியக் காற்று நிலாவை நேரடியாகத் தாக்க வழியில்லாத நேரம் என்று ஒன்று உண்டென்றால் அது கிரகண நேரம்தான்.

அந்த வேறொரு ஆள்

இனி எரிமலைக்கு வரலாம். பெரிய எரிமலை வெடிக்கும்போது சாம்பல் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். கூடவே வரும் கந்தக டை ஆக்சைடு வாயுதான் நீண்ட நாள் தொந்தரவு. அது மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலத்துக்குப் போய், நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறுகிறது. அங்கே மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. துளிகள் ஓரிரு ஆண்டுகளுக்குமேல் மிதந்துகொண்டிருக்கும்.

தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு இந்தப் படலம் பெரிதாகத் தெரியாது. வானம் கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். கிரகண ஒளிக்கு அப்படி இல்லை. சன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமே இல்லை, அதே கண்ணாடியை விளிம்பு வழியாகப் பார்த்தால் அடர்பச்சை; அதே நிலைமைதான் இங்கேயும். 15 முதல் 25 கிலோமீட்டர் உயரம் வரை பரவிய ஒரு படலத்தை எடுத்துக்கொள்வோம். நேர்மேலே பார்த்தால் அதன் தடிமன் 10 கிலோமீட்டர். அதன் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டு போகும் கதிருக்கோ அதற்குள் 700 கிலோமீட்டர் பயணம். நேர்மேலே ஒரு சதவீத ஒளியை மட்டும் மறைக்கும் படலம், இந்தப் பாதையில் பாதி ஒளியை மறைத்துவிடும்.

கிரகணங்களை வைத்தே எரிமலைத் துகள்களை அளக்க முடியும் என்பது இதனால்தான். அமெரிக்க வளிமண்டல அறிவியலாளர் ரிச்சர்ட் கீன் 1983 முதல் இதைச் செய்து காட்டியிருக்கிறார். நிழலின் எந்தப் பகுதி வழியாக நிலா போகிறது என்று கணக்கிட்டு, தெளிந்த காற்றில் எவ்வளவு வெளிச்சம் இருந்திருக்க வேண்டும் என்று பார்த்து, குறையும் அளவைத் துகள்களின் கணக்கில் எழுதுகிறார். 2023-இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தலைமையிலான குழு, 12, 13-ஆம் நூற்றாண்டுத் துறவிகளும் நாளாகமக்காரர்களும் எழுதிவைத்த கிரகண வருணனைகளைக் கொண்டு அக்கால எரிமலை வெடிப்புகளின் காலத்தையே நெருக்கிக் கணித்தது. நிலா சிவப்பாக இருந்ததா கறுப்பாக இருந்ததா என்று எண்ணூறு ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதிய ஒரு வரி, இன்று தட்பவெப்பத் தரவு ஆகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இது.

இப்போது தான்ழோனின் விதியையும் எரிமலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். பாலித் தீவின் ஆகுங் எரிமலை 1963-இல் வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 கிரகணம் மிக இருண்டது. அப்போது சூரியச் சுழற்சி முடியும் தறுவாயில் இருந்தது. தாழ்நிலை வந்தது 1964 அக்டோபரில். தான்ழோன் விதிப்படி அந்தக் கிரகணம் பளபளக்கும் செம்பாக இருந்திருக்க வேண்டும். அடுத்து, பிலிப்பைன்ஸின் பினாதுபோ. 1991 ஜூனில் அது ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. 1992 டிசம்பர் கிரகணம் கறுத்தது. உச்சநிலை கடந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது, விதிப்படி அதுவும் வெளிச்சமாக இருக்க வேண்டியது. 1815-இல் தம்போரா வெடித்தது. 1816 கிரகணத்தில் நிலா மறைந்தபோது சூரியன் உச்சநிலையில். 1883 ஆகஸ்டில் கிரகடோவா. 1884 அக்டோபர் 4 கிரகணம் இருண்டபோதும் சூரியன் உச்சநிலையை ஒட்டித்தான் இருந்தது. மிக இருண்டவை என்று பெயர்பெற்ற இந்த நான்கும் எரிமலையைத் தொடர்ந்து வந்தவை, நான்குமே சுழற்சியின் ‘தவறான’ கட்டத்தில்.

அப்படியானால் தான்ழோன் கண்ட ஒழுங்கு எங்கிருந்து வந்தது? அவர் எழுதிய காலத்துக்குச் சற்று முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1902-இன் தொடக்கத்தில் சூரியனின் தாழ்நிலை. அதே ஆண்டு மே மாதம் மார்ட்டினிக் தீவில் பெலே, அக்டோபரில் குவாத்தமாலாவில் சான்டா மரியா. 1903 ஏப்ரல் கிரகணம் இருட்டு. 1912-இல் அலாஸ்காவில் காட்மாய் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்பு. 1913-இல் சூரியன் மறுபடி தாழ்நிலை. எரிமலைக்குச் சூரியச் சுழற்சி தெரியாது. ஆனால் இரண்டு தடவை தற்செயலாக ஒத்துப்போய்விட்டது. எரிமலையின் கைவேலை சூரியனின் கைவேலையாகத் தோன்ற இந்த மாதிரி ஒற்றுமை போதும். ஒரு பத்தாண்டில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே எட்டு முழுக் கிரகணம்தான் நடக்கிறது. அத்தனை குறைந்த எண்ணிக்கையில் ஓரிரு தற்செயல்கள் வரைபடத்தையே வளைத்துவிடும்.

தான்ழோனைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பின்னாளில் பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநரானவர், ஒளி அளப்பதில் தேர்ந்த கை. பழைய வருணனைகளுக்கு மதிப்பெண் போடும் வேலையே வழுக்கலானது. ‘மங்கிய சிவப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது 1-ஆ, 2-ஆ? எழுதியவரின் ஊரில் அன்று பனிமூட்டமா, நிலா அடிவானத்தில் இருந்ததா என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

இன்னொரு குழப்பத்தையும் கழிக்க வேண்டும். நிலா நிழலின் நடுவே போனால் இருட்டு, ஓரமாகப் போனால் வெளிச்சம். 2021 மே 26 கிரகணம் 2019 தாழ்நிலைக்குச் சற்றுப் பின்னால் வந்தது, விதிப்படி சாம்பலாக இருக்க வேண்டியது. ஆனால் நிலா கருநிழலின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் போனது, முழுமை கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை, அதன் ஒரு விளிம்பு வெளிச்சமாகவே இருந்தது. இதை வைத்து விதி பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஓரத்துக் கிரகணத்தை ஓரத்துக் கிரகணத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பூமியின் விளிம்பில் அன்றைக்கு எங்கெங்கே மேகம் இருந்தது என்பதும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும்.

நீங்களே அளக்கலாம்

கைப்பேசிப் படத்தை நம்பாதீர்கள். அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், எல்லாக் கிரகணமும் ஒரே சிவப்பாகத் தெரியும். கேமராவில் ஒளி விழும் நேரம், துளை, உணர்திறன் மூன்றையும் கையால் நிறுத்தி, ஒவ்வொரு கிரகணத்துக்கும் அதே அளவில் எடுத்தால் ஒப்பிடலாம்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய கண்ணாடிப் பக்கம் கண்ணை வைத்து நிலாவைப் பாருங்கள். நிலா ஒரு சின்னப் புள்ளியாகச் சுருங்கிவிடும். இன்னொரு கண்ணால் வெறுமனே நட்சத்திரங்களைப் பார்த்து, அந்தப் புள்ளி எந்த நட்சத்திரத்தை ஒத்திருக்கிறது என்று தேடுங்கள். பத்து மடங்கு பைனாகுலர் என்றால் அது வெளிச்சத்தை நூறு மடங்கு குறைக்கிறது. வானியலில் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பொலிவெண் என்று பெயர்; அந்தக் கணக்கில் அது ஐந்து பொலிவெண். புள்ளி மூன்றாம் பொலிவெண் நட்சத்திரத்தை ஒத்திருந்தால், மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்து, நிலாவின் பொலிவெண் மைனஸ் 2 என்று எழுதிக்கொள்ளலாம். பொலிவெண்ணில் சிறிய எண்ணுக்குத்தான் அதிக வெளிச்சம் என்பதை மறக்க வேண்டாம். பௌர்ணமி நிலா மைனஸ் 12.7. அப்புறம் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுமையின் நடுவில் எடுத்த அளவுதான் ஒப்பிட உதவும்.

2026 மார்ச் 3 கிரகணத்துக்கு அடுத்த முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31 அன்றுதான். 2029 ஜூன் 26 கிரகணத்தில் நிலா நிழலின் ஆழத்துக்கே போகிறது, முழுமை ஒரு மணி நாற்பது நிமிடம் நீடிக்கும். சூரியன் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அது இருட்டாகத்தான் இருக்கும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பயன்படக்கூடிய ஜோடி 2029 டிசம்பர் 20-உம் 2032 அக்டோபர் 18-உம். இரண்டிலும் நிலா கிட்டத்தட்ட ஒரே ஆழத்துக்குத்தான் நிழலில் முழுகுகிறது. சூரியனின் அடுத்த தாழ்நிலை இரண்டுக்கும் நடுவில் வரும் என்று எதிர்பார்க்கலாம். தான்ழோன் சொன்னது சரியானால் முதலாவது செம்பாகவும் இரண்டாவது சாம்பலாகவும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அவருக்கு ஒரு மதிப்பெண் குறையும். நடுவில் பெரிய எரிமலை ஏதாவது வெடித்துவிட்டால் இந்த ஜோடியும் வீண், 2040-களின் தாழ்நிலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.